உடைசல் முட்டை

திண்டுக்கல் சந்தைக்குப் பின்னால் மொத்த முட்டைக் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருஷமாக அவர் கடைப்பிடிக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: நல்ல முட்டை கடைக்கு, உடைசல் வீட்டுக்கு. மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்கே வெண்டைக்காய்ப் பொரியலோடு சோறு போட்டு அனுப்பிய மனுஷன். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் உடையவில்லை, அவர் என்ன செய்வார்?

அவர் கை வேறு அத்தனை பதமானது. ஏழு அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் இருநூற்றுப்பத்து முட்டை. அந்தக் கட்டை வேனிலிருந்து தூக்கிக் கடைக்குள் வைத்தால் சத்தமே வராது. மாசத்துக்கு மூன்று உடைந்தால் அதிகம். ஆக, ஊருக்கே முட்டை கொடுத்தவர் வீட்டில் பூனை தாவினால்தான் முட்டைக் குழம்பு. அவர் மனைவி சண்முகவள்ளி அந்தப் பூனைக்குத் தினமும் பால் ஊற்றியது சும்மா இல்லை.

இந்த ஆடியில் கட்டு கைநழுவியது. இருநூற்றுப்பத்தும் போய், கடை இருக்கும் சந்தே வழுக்கியது. மகன் பழனிக்குமார் சண்டை போடவில்லை. அது இன்னும் மோசம். இனிமேல் கல்லாவில் உட்காருங்கள், தூக்குகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பக்கத்து மண்டிக்காரரும் இப்படித்தான் கல்லாவில் உட்கார்ந்தார். அப்புறம் அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கார்த்திகை வரை பொறு, ஏழு அட்டையையும் தூக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் கல்லாவில் உட்கார்கிறேன் என்று நாச்சிமுத்து மகனிடம் தவணை வாங்கினார்.

பலத்துக்கு வழி கேட்டுப் போனவரை, டாக்டர் சத்யபிரியா கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாவது தடவை எழுந்தார்; பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, காலையில் இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி என்றார். முட்டை? ஏதாவது உடைந்தால் உண்டு.

“அய்யா, முட்டைக் கடை வச்சுக்கிட்டு ரசத்துல உசுரு வளத்திருக்கீங்க,” என்றார் டாக்டர்.

வயசானால் சதை தானாகக் கரையும், அதைப் பிடித்து வைக்க இளவட்டங்களைவிடக் கூடுதலாகப் புரதம் வேண்டும், மூன்று வேளையும் முட்டையோ மீனோ பயறோ தயிரோ தட்டில் இருக்கவேண்டும் என்று விளக்கினார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பயப்படாமல் சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டால் மட்டும் போதாது, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழவும் வேண்டுமாம்.

அதை நாச்சிமுத்து கடையிலேயே செய்தார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த புரோட்டாக் கடைக்காரர் ஒருவர், தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் கும்பிட்டார். பத்தாவது கும்பிடில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாடுதான் பெரிய கூத்து. சட்டத்தை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். கையில் பிடி இல்லாத வரைக்கும் தினமும் நாலைந்து உடைந்தது. அத்தனையும் பொடிமாஸாகி அவர் தட்டுக்கு வந்தது. ஒரு மாசத்தில் கையில் பிடி வந்தது. பிடி வந்ததும் உடைவது நின்றது. உடைவது நின்றதும் பழையபடி ரசம். ரசத்தில் கை தளர, மறுபடி அட்டை சாய, மறுபடி பொடிமாஸ். மாசாமாசம் கைப்பிடியை அளந்த டாக்டர், ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். முட்டை உடையாத நாளில் கொண்டைக்கடலையும் தயிரும் கொடுத்தே தீரவேண்டும் என்று சண்முகவள்ளியிடம் கண்டித்துச் சொன்னார். சண்முகவள்ளியும் தவறாமல் கொடுத்தாள்.

கார்த்திகை பிறந்தது. தூக்கிக் காட்ட வேண்டிய நாள் காலையில், தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சண்முகவள்ளி, எழ முடியாமல் கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கிவிட்டவர் அந்தக் கையைப் பார்த்தார். வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடையில்லாமல் ஓடியது.

“நீ எத்தன முட்ட தின்ன?”

“உங்களுக்கே பத்தல. எனக்கு ரசம் போதும்.”

நாலு மாசமாகச் சத்துள்ளது எல்லாம் அவர் தட்டுக்கே வந்திருக்கிறது. எதிரே இருந்த தட்டை அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

வேன் வந்தது. பழனிக்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாச்சிமுத்து குனிந்து ஏழு அட்டைக் கட்டை மார்போடு அணைத்துத் தூக்கினார். சத்தமே இல்லை. அப்படியே கடை வாசலைத் தாண்டி நடந்தார். கடை இங்கே இருக்கு என்று கத்திக்கொண்டு மகன் பின்னாலேயே ஓடினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாசல் தள்ளி இருந்த தன் வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் இறக்கினார்.

சண்முகவள்ளி அட்டை அட்டையாக எடுத்துப் புரட்டிப் புரட்டித் தேடினாள்.

“ஏங்க, ஒன்னுகூட உடையலயே,” என்றாள், பயந்துபோய்.

“ஆமா. நீ உடை.”