மஞ்சள் நூலும் அரை அரிசி ஆழமும்

எங்கள் சித்திக்குக் குறி தப்பாது என்று மன்னார்குடியில் நான் பீற்றிக்கொள்ளாத வீடு இல்லை. அப்போது எனக்கு எட்டு வயது. சித்தி கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரி கொடுத்திருந்த ஏர் ரைஃபிளால் மொட்டைமாடியில் மணல்மூட்டைமேல் ஒட்டிய காகித வட்டத்தைத் தினமும் சுடுவாள். மாநில அணிக்குத் தேர்வானால் துப்பாக்கி அவளிடமே இருக்கும். இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சுடுவதைவிட அவள் குண்டு போடுவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. பச்சைப்பயறு அளவு ஈயக் குண்டைக் குழல் வாயில் வைத்து, மை தீர்ந்த பேனா ரீஃபிலால் உள்ளே அழுத்துவாள். ரீஃபிலின் நுனிக்குச் சற்று மேலே கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றியிருந்தாள். நூல் குழலில் முட்டியதும் கை நின்றுவிடும்.

“எல்லாம் அரை அரிசி ஆழம்தான் போகணும். கூடக் குறைய போச்சுன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல போய் அடிக்கும்” என்பாள். நான் தலையை மட்டும் நன்றாக ஆட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. தாத்தாவின் மண்வெட்டி முதல் அம்மாவின் அரிவாள்மனை வரை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ரைஃபிளுக்குச் சித்தியே பொட்டு வைத்தாள். ரீஃபில் மட்டும் அழுக்கு நூலோடு பெட்டியில் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பூஜையில் மிச்சமிருந்த மஞ்சள் நூலை அழகாகச் சுற்றி, குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் முழுக்க யாரும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் தஞ்சாவூரில் மாநில அணிக்கான தேர்வு.

சித்தி அங்கேதான் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் நூலைப் பார்த்தாள், பின்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகச் சிரித்தேன். முதல் ஐந்து குண்டுகள் கணக்கில் வராதவை. ஐந்தும் தட்டிலிருந்து சிந்திய பொரி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின.

“என்னடி ஆச்சு இவளுக்கு?” என்று அம்மா முனகினாள்.

சித்தி பதறவில்லை. வழுக்கிக்கொண்டிருந்த மஞ்சள் நூலை உருவி மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். பழைய நூல் ரீஃபிலில் விட்டிருந்த தடத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள். நகம் குழலின் இரும்பு விளிம்பில் முட்டும்வரை அழுத்தினாள். நாற்பது குண்டையும் அப்படியேதான் போட்டாள். தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

திரும்பும்போது பஸ்ஸில் என்னைப் பிடிக்க ஆளில்லை. “நான் சுத்தின நூலாலதான் ஜெயிச்சா!” என்று முன்சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

“அப்படியாடி?” என்று அம்மா சித்தியைக் கேட்டாள்.

“ஆமாக்கா. அவ நூல் இல்லேன்னா நான் இவ்வளவு கவனமா சுட்டிருக்கவே மாட்டேன்.”

சித்தியின் கட்டைவிரல் நக ஓரத்தில் சிவப்பாக இருந்தது. நான் வைத்த குங்குமம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன். திரும்பவும் சிவந்தது. திரும்பவும் துடைத்தேன். சித்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

துடைத்த குங்குமம் திரும்ப ஊறி வராது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.