மூடி வைத்த கிண்ணம்

கலிஃபோர்னியாவில், மில்பிடாஸின் அந்தத் தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கண்மணி. காரைக்காலில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கணவன் செல்வராஜின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. இன்னொருவர் பக்கத்து வீட்டு மதாம் இவெத். யுத்தம் முடிந்த கையோடு ஓர் அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு வந்தவர். எண்பதை நெருங்கும்போது ஆங்கிலம் அவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. பெற்ற மகள் கரோலுக்கே அம்மாவின் பேச்சு புரியவில்லை. பகலில் துணைக்கு இருக்க முடியுமா என்று கரோல் கேட்க, கண்மணி போனாள்.

முதல் நாள் கிளம்பும்போது, நம் வழக்கப்படி "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டு வந்தாள். காலையில் பார்த்தால் மதாமின் படுக்கை கலையவே இல்லை. ஜன்னலோர நாற்காலியில், தட்டுப் போட்டு மூடிய கிண்ணத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக்கடை, சுற்றிலும் கோதுமை வயல், அவ்வளவுதான் அவர் ஊர். ஜெர்மன்காரர்கள் ஆண்களையெல்லாம் கோயில் முன்னால் கூடச் சொன்ன காலையில், அண்ணன் லூயி சூப் குடித்துக்கொண்டிருந்தான். "மூடி வை, போயிட்டு வந்துடறேன்" என்று பாதியில் எழுந்து போனான். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புளித்து நாறும்வரை அந்தக் கிண்ணத்தை எடுக்க மதாமின் அம்மா விடவில்லை.

அதிலிருந்து கண்மணி எதுவும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. மதாம் தூங்கியதும் நழுவிவிடுவாள்.

2001 மார்ச்சில் செல்வராஜின் கம்பெனியில் ஆட்குறைப்பு.

"ஆஸ்டின்ல ஒரு ப்ராஜெக்ட் கிடைச்சிருக்கு. உடனே மூவ் பண்ணணும். விட்டா விசா போச்சு."

"மதாம்கிட்ட என்னங்க சொல்றது?"

"போறேன்னு சொல்லு. இதுல என்ன?"

"வாசல்ல நின்னு போறேன்னு சொல்ல வாய் வருமா? உங்களுக்கு வருமா?"

செல்வராஜ் பெட்டியைக் கட்டப் போய்விட்டான்.

கிளம்பும் அன்று மதாம் தூங்கவே இல்லை. வெளியே கார் ஹாரன் அடித்தது. 'இனிமே வர மாட்டேன்' என்பதை இரவெல்லாம் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்திருந்தாள் கண்மணி. வாசலில் மதாம் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டு வரேன், மதாம்" என்றாள்.

ஆஸ்டின் போய்ச் சேர்ந்த வாரமே கரோல் போன் செய்தாள். அம்மா சாப்பிடுவதில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, நீயே ஏதாவது சொல்லிப் பார் என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள்.

"எங்கே இருக்கே?" என்றார் மதாம். குரல் சிறு பெண்ணுடையதைப்போல் இருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் கண்மணி வாயைத் திறந்தாள்.

"வழியிலதான் இருக்கேன், மதாம். சாப்பிடுங்க."

ரிசீவரை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. அப்புறம், ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம்.