குழாய்த் தண்ணீரில் நனைத்த நாற்று

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது நுண்ணுயிரியல். அடி அண்ணாமலையில் எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில் விளையும் நெல்தான் வருஷம் முழுக்கச் சோறு. அந்த நிலத்தில் பாதியை ஒரு போகம் என் பொறுப்பில் விடும்படி அப்பாவிடம் கேட்டேன்.

"அசோஸ்பைரில்லம் கரைச்ச தண்ணியில நாத்து வேர நனைச்சி நடணும்பா. அந்த பாக்டீரியா வேர்ல ஒட்டிக்கினு, காத்துல இருக்கற தழைச்சத்த புடிச்சி பயிருக்குக் குடுக்கும். யூரியா பாதி போட்டா போதும்."

"அதுங்களுக்கு கூலி இன்னா?"

"வேர்ல கசியற சர்க்கரைதான்."

"எங்கள விட கம்மி கூலி" என்று சிரித்துவிட்டு, சரி என்றார்.

நடவன்று அம்மா அண்டாவில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு வைத்திருந்தாள். பாசி மிதந்தது. ஆய்வகத்தில் நாங்கள் இப்படியா செய்வோம்? அதைக் கொட்டிவிட்டுத் தெருக்குழாயிலிருந்து நானே குடம் குடமாகச் சுமந்து வந்து, அசோஸ்பைரில்லம் பொட்டலத்தைக் கரைத்து வேர்களை நனைத்தேன். மறுநாள் பௌர்ணமி.

கிரிவலக் கூட்டத்துக்காக அந்த நாட்களில் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் தூக்கலாக இருக்கும். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்றெல்லாம் அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் கொல்லும். இதையே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அடுத்த பௌர்ணமிக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்கும்போது பிளீச்சிங் வாடை அடித்ததும்தான் உறைத்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

யூரியாவும் பாதிதான் போட்டிருந்ததால், அதற்குள் என் பாதி மஞ்சளாகிவிட்டது. தூர் கட்டவில்லை. அப்பாவின் பாதி கரும்பச்சையாக நின்றது. பக்கத்து வயல் சித்தப்பா வரப்பில் நின்று கேட்டார்: "இன்னாம்மா, உன் ஆளுங்க வயல்ல ஒருத்தரையும் காணோம், கிரிவலம் போய்ட்டாங்களா?"

"பொட்டலமே ஏமாத்து. அதுக்குப் புள்ள இன்னா பண்ணும்?" என்றார் அப்பா. அப்போதே சொல்லியிருக்கலாம். இத்தனை படித்தும் தண்ணீரில் கோட்டை விட்டேன் என்று அந்த இரண்டு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை.

அறுவடையில் என் பாதி பெரும்பாலும் பதர். ஆடி முடிவதற்குள் குதிர் காலி. இப்போது ரேஷன் அரிசிதான் பொங்குகிறோம்.

யாராவது உயிர் உரம் என்று பேச்செடுத்தால் அப்பாவே தடுத்துவிடுகிறார். "என் பொண்ணு அதுக்கே படிச்சது. அதுவே போட்டுப் பாத்து ஒண்ணும் ஆவல. விட்டுடுங்க." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இன்னமும் பெருமை இருக்கிறது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு யூரியா வாங்கப் போகிறார்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.