ஒலிபெருக்கியில் சொன்ன வலிப்பு

ஐந்து வயதில் எனக்கு வலிப்பு வந்தது பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சபையில் ஆண்டுதோறும் நடக்கும் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் அம்மா மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னைக் குணமாக்கியதற்குச் சாட்சி சொல்வாள். வாயில் நுரை தள்ளியது, பாவாடையிலேயே மூத்திரம் போனது, ஜெபத்தில் எல்லாம் நின்றது என்று ஒன்று விடாமல் சொல்வாள். ரப்பர் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அதைக் கடைத்தெருவரை கொண்டுபோகும். பக்கத்தில் நான் நிற்க வேண்டும். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விமானிப் பயிற்சியில் சேர மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில், எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத மக்கா. கர்த்தர் சொகமாக்கினதாக்கும். இனி அத எழுதினா அவிசுவாசம்."

"வானத்துல வச்சு வந்தா?"

"வராதுண்ணு சொன்னேன்லா."

அம்மாவின் குரல் நிதானமாக இருந்தது. கையை உதறிவிட்டு எழுதினேன்.

மருத்துவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் விசாரித்தார். நரம்பு மருத்துவரின் அறிக்கை வரும்வரை சான்றிதழ் தர முடியாது என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்டவங்கிட்ட எல்லாம் சொல்லி மானத்த வாங்கிட்டியே! நம்ம வீட்டுக் காரியம் வெளிய தெரியலாமா?"