அப்பாவுக்குப் பதிலாக நடந்தவன்

இரண்டு வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சினிமா, தொலைக்காட்சித் தயாரிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கொலை, பேய் என்று கிளம்ப, நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு திருமயம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன். பெரிய கலைத்தாகம் எல்லாம் இல்லை. அங்கே இரண்டு நடிகர்கள் எனக்குச் சாப்பாடும் போட்டு, சும்மாவும் நடித்துக் கொடுப்பார்கள். ஒருவர் அம்மா. இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அப்பா.

கதையும் எங்கள் வீட்டுக் கதைதான். வெளிநாடு போகும் கணவன், வழியனுப்பும் மனைவி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அங்கேதான், கப்பல் கட்டும் இடத்தில் வேலை. வருவார், கொஞ்ச நாள் இருப்பார், வீடு அவருக்குப் பழகும்போது கிளம்பிவிடுவார். "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, சந்துமுனையில் நிற்கும் காரை நோக்கி நடப்பார். அம்மா வாசலோடு நின்றுகொள்வார். அப்பா திரும்பிப் பார்க்கவே மாட்டார். கிளம்பியவர் திரும்பிப் பார்த்தால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நடையைத்தான் கடைசிக் காட்சியாக வைத்திருந்தேன்.

அப்பா நன்றாகவே நடித்தார். பெட்டி அடுக்குவது, சட்டை மாட்டுவது, சாமி கும்பிடுவது எல்லாம் எடுத்தாகிவிட்டது. கடைசிக் காட்சி பாக்கி இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன். லீவு ரத்து, உடனே வரவேண்டும். வீட்டில் வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான், அதுவும் படம் போச்சே என்று. அப்பா படத்தில் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையை என் கையில் கொடுத்து, "முதுகுதானத்தா, எவன் போட்டாலும் தெரியாது" என்று சமாதானம் சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே இருட்டோடு கிளம்பிப் போனார்.

சினிமாவில் இதற்கு டூப் என்று பெயர். எனக்கு உதவிக்கு வந்திருந்த வகுப்புத் தோழன் இலுப்பூர்க்காரன், ஏறக்குறைய அப்பா உயரம். ஒரு காலையில் அவனுக்கு அந்தச் சட்டையை மாட்டினோம். கையை மடித்துவிட்டது அம்மாதான். "இங்கிட்டுத் திரும்பு தம்பி. அவுகளுக்கு எடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும், அப்படியே நட" என்று நடையையும் திருத்தினார். உதவி இயக்குநரே தோற்றார் போங்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

கேமராவை அம்மாவுக்குப் பின்னால் வைத்தேன். அம்மாவின் தோள், அதைத் தாண்டி சந்தில் போகும் அப்பாவின் முதுகு, அவ்வளவுதான் ஷாட். அம்மாவுக்கு வசனம் கிடையாது, நின்றால் போதும். ஆக்‌ஷன் சொன்னேன். தோழன் பெட்டியோடு நடந்தான். பாதிச் சந்து போயிருப்பான்.

"ஏங்க" என்றார் அம்மா. "ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுப் போங்களேன்."

தோழன் அப்படியே நின்றுவிட்டான். நான் கேமராவை ஓடவிட்டேன். அவன் திரும்பினால் அங்கே அப்பா இருக்கமாட்டார். அது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றவன், திரும்பாமலே மெதுவாக நடந்து சந்துமுனையில் மறைந்தான். அதற்கப்புறமும் அம்மா அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாகக் கேமராவை நிறுத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னத்தா, நல்லா நடிச்சேனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். தோழனைக் காணோம். போய்ப் பார்த்தால், சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பனியனோடு நிற்கிறான். "இதப் போட்டுக்கிட்டு அம்மா முன்னாடி எப்படி வர்றது?" என்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

வகுப்பில் படத்தைப் பார்த்த ஆசிரியர், அம்மாவின் நடிப்பை வெகுவாகப் பாராட்டினார். அப்பாவுக்கு அனுப்பத்தான் பயமாக இருந்தது. செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்த பிறகு, துணிந்து அனுப்பினேன். மறுநாள்தான் போன் வந்தது.

"நல்லாருக்குத்தா" என்றார். கொஞ்சம் விட்டு, "அந்தத் தம்பி ஏன் திரும்பல?" என்று கேட்டார்.

"திரும்புனா அது நீங்க இல்லன்னு தெரிஞ்சிரும்லப்பா."

"அம்மாட்ட குடு" என்றார் அப்பா. கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை.

இப்போது நான் ஒரு தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறேன். அப்பா இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. திரும்பிப் பாருங்கள் என்று நேரில் கேட்டால் போகிற காரியத்துக்குத் தடையாகிவிடுமோ என்று பயந்து, அத்தனை வருடமும் அம்மா அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அப்பாவுக்குப் போன் பண்ணிவிடலாம் போல இருக்கிறது.