சத்தம் போடாத இணையப் பக்கம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் எனக்கென்று ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தேன். மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவனுக்கு அது எதற்கு என்று பலரும் கேட்டார்கள். என் தங்கச்சி பார்ப்பாள் என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். பேச்சு வராத வயதில் மகளை எங்களிடம் விட்டுப் போனாள். எப்போதாவது தோட்டத்துக் கடைக்குப் போன் எடுப்பாள். பிள்ளையின் காதில் ரிசீவரை வைத்தால் போதும், வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கெஞ்சியும் பார்த்தோம், மிரட்டியும் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

"வர்றப்ப எம்புள்ளய எனக்கே அடையாளம் தெரியாமப் போயிருமோன்னு பயமா இருக்குண்ணே" என்று ஒரு தடவை அழுதாள். அவள் வேலை செய்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி இருந்தாள், நல்லவள். வெள்ளிக்கிழமைகளில் தன் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பதுளைக்கு பஸ் ஏறுவேன். ஸ்டூடியோவில் பிள்ளையின் படத்தை ஸ்கேன் செய்து பிளொப்பியில் வாங்கிக்கொண்டு நெட் கடைக்குப் போவேன்.

அந்தக் கடையில் பக்கம் செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது. எழுத்து ஓடும், பூ சுற்றும், பக்கம் திறந்ததும் பாட்டுப் பாடும். நான் மயங்கிவிட்டேன். பிள்ளையின் பிறந்தநாள் வந்தபோது ஒரு நாதஸ்வர இசையைச் சேர்த்தேன். எங்கள் தோட்டத்தில் காதுகுத்தோ, சடங்கோ, மாரியம்மன் திருவிழாவோ, மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே எழுப்பினால்தான் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு. பிறந்தநாள் படத்தைச் சும்மா போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாளே போன் வந்தது.

"அண்ணே, பாட்டு பெரிய சத்தமா வந்திருச்சு. தூங்கிக்கிட்டிருந்த அந்தப் பொண்ணோட அப்பா எந்திரிச்சு வந்துட்டாரு. இனிமே கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாதுங்கிறாங்க."

"படத்தப் பாத்தியா?"

"தலைதாண்ணே தெரிஞ்சிச்சு. அதுக்குள்ள மூடிட்டாங்க."

அன்றோடு அந்த மென்பொருளைத் தலைமுழுகினேன். நோட்பேடைத் திறந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதினேன். பூ போயிற்று, ஓடும் எழுத்து போயிற்று, பாட்டு முதலில் போயிற்று. படத்தைச் சிறிதாக்கினேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று. தமிழ் எழுத்து அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் பிள்ளை செய்த சேட்டைகளைத் தாளில் எழுதி, அதையும் படமாகவே போட்டேன். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் நோட்பேட் இருக்கும். ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் பாடசாலையின் கணக்கு வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். நெட் கடையில் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஐசே இது, ஒரு பூவும் இல்லை, பாட்டும் இல்லை. செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு."

"படம் தெரியுதுங்களா சேர்?"

"தெரியுதுதான்."

"அது போதுங்க."

பாட்டை எடுத்துவிட்டதாகத் தங்கச்சி சொல்லியும் அந்தப் பெண்ணுக்குத் துணிவு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் யாரும் பார்க்காத பக்கத்துக்கு நான் படம் ஏற்றிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் திறந்தாள். பக்கம் மூச்சுக் காட்டாமல் வந்து நின்றது. பல் விழுந்த படம், வெள்ளைச் சீருடையில் முதல் நாள் பள்ளிக்குப் போன படம், அப்புத்தளைப் பனியில் மூக்கு சிவந்த படம் என்று தங்கச்சி ஒன்றையும் தவறவிடவில்லை. என் தெரிவு சரிதான் என்று நான் மார்தட்டிக்கொண்டேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஒப்பந்தம் முடிந்து அவள் வந்த அன்று காலை, பதுளை ஸ்டேஷனில் பிள்ளையோடு நின்றேன். கொழும்பு ரயிலில் இருந்து கூட்டம் இறங்கியது. தங்கச்சி பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, எங்களைத் தேடியபடியே, கூட்டம் மறைத்ததால் எங்களைக் காணாமல் தாண்டிப் போனாள். வீட்டில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைதான் முதலில் கண்டுகொண்டது.

"அம்மா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டது. தங்கச்சி திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டது. வேறு யாருடைய பிள்ளையோ என்று அவள் நடந்துகொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்த அந்த நொடியே பையைப் போட்டுவிட்டு அள்ளிக்கொண்டாள்.

"மூஞ்சிய ஆயிரம் புள்ளைங்களுக்கு நடுவுல வச்சாலும் கண்டுபிடிச்சிருவேண்ணே" என்றாள், பிள்ளையை இறக்காமலே. "கொரல்தான் தெரியல."

பஸ்ஸில் அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "பேசு கண்ணு, எதையாவது பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். போனில் வாயே திறக்காத பிள்ளை ஹாலிஎல வரும்வரை பேச்சை நிறுத்தவில்லை.