புஷ்பவதி பிடுங்கிய பிளக்

2006இல் எந்த நேரத்தில் எது வெடிக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் தெரியாது. அந்த நாட்களிலும் புஷ்பவதி நிம்மதியாகத்தான் இருந்தாள். கடலோர இரத்தக்கொடைச் சங்கத்தின் கொடையாளர் பெயர்ப்பட்டியல் அவள் பொறுப்பு. துறைமுக வீதிக் கணினியில் ஏறும் ஒவ்வொரு பெயரும் உவர்மலைக் கிளையிலிருந்த இரண்டாவது கணினியிலும் உடனே பதிவாகும். முதலாவது படுத்தால் இரண்டாவது தானாகப் பொறுப்பெடுக்கும்.

எடுக்குமா என்று சோதிக்க அவளுக்கு ஒரே வழிதான் பிடித்திருந்தது. வெள்ளி மதியம், உதவியாளன் அன்ஸார் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் தொலைபேசியும் ஓய்ந்திருக்கும் வேளையில், முதலாவதின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள்.

செயலாளர் சோமசேகரம் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவார்.

"நல்லா ஓடுற பெட்டியை ஏன் பிள்ளை கொல்லுறீர்? இன்னொருக்காப் பிடுங்கினா அறைத் திறப்பை அன்ஸாரிட்டைக் குடுத்துப்போடுவன்."

"சாகிற நேரத்திலை பழகேலாது சேர்."

அந்தக் கணினி அறையின் சாவி கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு உலகம் இல்லை. ஆனாலும் நவராத்திரி முடிந்து வந்த வெள்ளியன்றும் பிடுங்கினாள்.

இரண்டாவது பொறுப்பெடுத்தது. ஆனால் கடைசி ஆறு நாட்களில் சேர்ந்தவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, சைக்கிளை மிதித்து உவர்மலைக்குப் போனாள். கணினியின் நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் வாடிய செவ்வந்தி.

"சும்மாதானே நிண்டது. சரஸ்வதி பூசைக்கு மூண்டு நாள் ஓய்வு குடுத்தனான். விசயதசமியண்டு போட்டுவிட்டனான்," என்றார் அங்கே இருந்த சோமசேகரம்.

போட்டது சரிதான். நின்றுபோன பதிவை மறுபடி கையால் தொடக்கிவிட வேண்டும் என்பது பாவம் மனிதருக்குத் தெரியாது. கோபத்தோடு வந்தவளுக்குச் செவ்வந்தியைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுப்போன பெயர்களை எல்லாம் ஏற்றிவிட்டு, கணினியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டினாள்: 'பொட்டு வைக்கலாம். நிறுத்தக் கூடாது.'

சோமசேகரம் முகம் சிவந்து, அவளிடமிருந்து திறப்பைத் திங்கட்கிழமை வாங்குவதாகச் சொன்னார். திங்கள் அவருக்குக் காய்ச்சல்.

செவ்வாய் காலை துறைமுகப் பக்கம் பெரிய வெடி. மின்சாரம் போய்த் திரும்பிவந்த வேகத்தில் முதலாவது கணினி கருகிப்போனது. ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு: தோப்பூர் ஆமினா உம்மா என்பவருக்குக் காயம், ஓ நெகட்டிவ் இரத்தம் உடனே வேண்டும். புஷ்பவதி இரண்டு கணினிகளோடும் இணைந்த தன் மேசைத்திரையைப் பார்த்தாள். உவர்மலைப் பெட்டி விடை கொடுத்தது. அந்த வகையில் ஊருக்குள் இருந்தவர் ஒருவரே, தாஹிர். பூசை நாளில் பெயர் பதிந்தவர்.

ஆமினா உம்மா பிழைத்துக்கொண்டார்.

வெள்ளி மதியம் புதுக் கணினிக்கு முன்னால் புஷ்பவதி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சோமசேகரம் உள்ளே வந்தார். திறப்பு அவள் மேசையில்தான் கிடந்தது.

"அன்ஸார் பள்ளிவாசலுக்குப் போயிட்டானோ?"

"ஓம் சேர்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார்.

"எந்த வயர் பிள்ளை?"